ரீத்தும் சடங்கும்

இலத்தீனில் 'ரீத்துஸ்' என்றொரு சொல் உண்டு. வழிவழி வந்த வழிபாட்டு முறை என்பது அதன் பொருள். கத்தோலிக்கர் அதனை 'ரீத்து' என வழங்குவர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் மக்களிடம் அதற்கு நிகராக ஒரு சொல் உண்டு. அது 'சடங்கு'. வைகாசியில் கண்ணகி அம்மனுக்கு எடுக்கும் விழாவுக்கு இங்கே அதுவே பெயர்.

இவ்விரு சொற்களின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குவோமாயின், வழிபாடு யாருக்கு உரியது என்ற வினா எழும்.

1562 ஆம் ஆண்டில், திரெந்து நகரிற் கூடிய திருச்சபைச் சங்கம், பூசை எங்கும் மக்கள் மொழியில் நடைபெறுவது தகாது என்றது. 1588 இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர், ரீத்துக்களைக் காப்பதற்கென்றே ஒரு பேராயம் நிறுவினார். 1903 இல் பத்தாம் பத்திநாதர், கிரகோரியன் இசையே திருவிசைக்கு உயர்ந்த மாதிரி என்றார். பாடற் பூசையில் நாட்டு மொழிப் பாட்டுக்கு இடமில்லை என்றும் விதித்தார். ஆகவே, புளியந்தீவில் பூசைக்குச் சென்ற கத்தோலிக்கர் பிரசங்கத்தைத் தமிழிற் கேட்டனர். பீடத்தின் மொழியோ அவர்களுக்கு எட்டாததாயிருந்தது.

அதே வாவிக்கரையில், ஆண்டுக்கொருமுறை கதவு திறக்கும் கண்ணகி கோயில்களில் நடந்தது என்ன? ஊரவரான கப்புகனார் சடங்கை நடத்தினார். மன்னனிடம் நீதி கேட்ட பெண்ணின் கதையாகிய கண்ணகி வழக்குரை தமிழில் பாடப்பட்டது. குளிர்த்தியோடு சடங்கு நிறைவுற்றது. எழுத்தறியாத உழவனுக்கும் அதன் பொருள் விளங்கிற்று.

1963 டிசம்பர் 4 ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2,147 வாக்குகளால் மக்கள் மொழிக்கு வழி திறந்தது, எதிர்த்தோர் நால்வரே. அவ்வந்நாட்டு இசைமரபுக்கும் உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றது அச்சங்கம். தமிழ் பீடம் ஏறியது.

ஆனால், அண்மைப் பதிற்றாண்டுகளில் இக்கரைக் கண்ணகி கோயில்கள் சிலவற்றில் ஆகம முறை புகுந்துள்ளது. கப்புகனாரின் இடத்தைக் குருக்களும், வழக்குரையின் இடத்தை வடமொழி மந்திரமும் பெறுகின்றன. இலத்தீனின் எழிலையோ வடமொழியின் வளத்தையோ நாம் மறுக்கவில்லை. மக்களுக்கு விளங்காத மொழியே உயர்ந்தது என்னும் மயக்கத்தையே மறுக்கிறோம். உரோமை நானூறு ஆண்டுகளுக்குப் பின் தளர்த்திய கட்டை, நாமே விரும்பிப் பூணுவது முறையாகுமா?

வழக்குரை பாடத் தெரிந்த முதியோர் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். இளைஞர் அவர்களிடம் அமர்ந்து கற்க வேண்டும்.