கப்பல் வருது, போனை எடுங்க! டெட்ராய்ட் ஆற்றங்கரையில் ஒரு செம ஹாபி

1960-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் 222 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பல் வருகிறது. கரையில் நிற்பவர்களின் காதில் பாட்டு விழுகிறது. கப்பலின் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு வருபவர் கேப்டன் பீட்டர் புல்ஸர். ராத்திரியோ பகலோ, இந்த ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் கரையில் இருப்பவர்களுக்குப் பாட்டுக் கச்சேரிதான். வழியில் கப்பல்களை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டில் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துத் தன் கப்பலைப் பற்றி கமென்டரியும் கொடுப்பார். இன்றைய பாஷையில் சொன்னால், டிஜே கேப்டன்!

அந்தக் கப்பலின் பெயர் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. அதன் மீதிக் கதையைக் கடைசியில் பார்ப்போம். கேப்டன் பாட்டுப் போட்டது யாருக்காக? மடக்கு நாற்காலி, பிளாஸ்க், பைனாகுலர், கேமரா சகிதம் கரையில் கப்பலுக்காகக் காத்திருக்கும் ஆட்களுக்காக. இன்றும் அவர்கள் அங்கே இருக்கிறார்கள். 'போட் நெர்ட்' என்று தங்களைத் தாங்களே கிண்டலாக அழைத்துக்கொள்கிறார்கள். 'கப்பலைப் பார்க்குறதுல அப்படி என்ன இருக்கு?'னு கேட்கிறீங்களா? வாங்க, கரைக்கே போய்ப் பார்த்துடுவோம்.

எந்த ஆறு, எதற்கு இவ்வளவு கப்பல்?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் ஐந்து பெரிய ஏரிகள் இருக்கின்றன. அதில் ஹ்யூரான் ஏரியின் தண்ணீர் செயின்ட் கிளேர் ஆறாக இறங்கி, செயின்ட் கிளேர் என்ற சிறிய ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து டெட்ராய்ட் ஆறாகி ஈரி ஏரிக்குப் போகிறது. மேல் ஏரிகளுக்கும் கீழ் ஏரிகளுக்கும் இடையே கப்பல் போக இது ஒன்றுதான் வழி. இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல், உப்பு, சிமென்ட், தானியம் எல்லாமே இந்தக் குறுகலான ஆறுகளைக் கடந்தாக வேண்டும். கடலில் புள்ளியாகத் தெரியும் கப்பல், இங்கே தெருவில் பஸ் போவதுபோல எதிரில் போகும்.

சூப்பீரியர் ஏரிக்கு ஏறும் 'சூ லாக்ஸ்' என்ற பெரிய நீர்ப்பூட்டு, பொதுவாக ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடப்படும். அதனால் மார்ச் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரைதான் சீசன்.

லேக்கரா, சால்ட்டியா?

முதலில் இந்த இரண்டு வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏரிகளுக்குள்ளேயே வாழ்நாள் முழுக்க ஓடும் கப்பல் 'லேக்கர்'. கடலிலிருந்து வரும் கப்பல் 'சால்ட்டி', அதாவது உப்புத் தண்ணீர்க்காரர்.

லேக்கர் ஒல்லியாக, நீளமாக இருக்கும். பல லேக்கர்களின் மேல் தளத்தில் நீண்ட இரும்புக் கை ஒன்று படுத்திருக்கும். துறைமுகத்தில் கிரேன் இல்லாவிட்டாலும் தன் சரக்கைத் தானே இறக்க அந்தக் கை. நல்ல தண்ணீரில் துரு குறைவு என்பதால், 50 வயதைத் தாண்டிய லேக்கர்கள்கூட உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் மிக நீளமானது 1981-ல் வந்த பால் ஆர். ட்ரெகுர்தா. நீளம் 1,013 அடி, சுமார் 309 மீட்டர். ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் இதையும் 'போட்' என்றுதான் சொல்வார்கள்!

சால்ட்டி, அட்லாண்டிக்கிலிருந்து செயின்ட் லாரன்ஸ் நீர்வழியாக நீர்ப்பூட்டு நீர்ப்பூட்டாக ஏறி வரும். அந்த நீர்ப்பூட்டுகளில் 740 அடிக்கு மேல் நீளமான கப்பல் நுழைய முடியாது. அதனால் 1,000 அடிக் கப்பலைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அது லேக்கர். கடலை அது பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை.

எப்போ வரும்னு எப்படித் தெரியும்?

பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏ.ஐ.எஸ் என்று பெயர். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற ஆப்கள் அந்தத் தகவலை வாங்கி மேப்பில் காட்டுகின்றன. அடிப்படை வசதிகள் இலவசம்தான்.

ஆற்றின் பல பகுதிகளில் கப்பல்களுக்கு வேக வரம்பு மணிக்கு 12 மைல், அதாவது சுமார் 19 கி.மீ. வேகமாக மிதிக்கும் சைக்கிள் அளவுதான். மேப்பில் கப்பல் 10 கி.மீ தள்ளி இருந்தால், உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வரலாம்.

சென்னையில் உட்கார்ந்தபடியே இந்த ஆற்றையும் பார்க்கலாம். அதே மேப்பை வங்காள விரிகுடாவுக்கு நகர்த்துங்கள். மெரினாவிலிருந்து தூரத்தில் நிழலாகத் தெரியும் கப்பலுக்கும் ஒரு பெயர் இருப்பது தெரியும்.

கப்பலைப் படிக்கக் கத்துக்கோங்க!

* பெயரும் ஊரும்: முன்பக்கம் பெயர் இருக்கும். பின்பக்கம் பெயரோடு, கப்பல் பதிவான துறைமுகமும் இருக்கும்.
* ஐ.எம்.ஓ எண்: ஏழு இலக்கம். கப்பல் கைமாறலாம், பெயர் மாறலாம், கொடி மாறலாம். இந்த எண் மாறாது.
* புகைபோக்கி: ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி நிறம், தனிச் சின்னம். கரடி படம் இருந்தால் கனடாவின் அல்கோமா கம்பெனிக் கப்பல்.
* தண்ணீர்க் கோடு: கப்பல் ஆழமாக அமிழ்ந்திருந்தால் சரக்கு இருக்கிறது. உயர்ந்து நின்றால் காலி.

எங்கே நிற்கலாம்?

ஹ்யூரான் ஏரி ஆறாகக் குறுகும் இடத்தில், அமெரிக்கக் கரையில் போர்ட் ஹ்யூரான், கனடாக் கரையில் சார்னியா. நடுவில் ப்ளூ வாட்டர் பாலங்கள். டொரன்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு சார்னியா காரில் சுமார் 3 மணி நேரம். இங்கே ஆறு தெற்கு நோக்கி ஓடுவதால், காலை வெயில் சார்னியா பக்கம் நிற்பவர்களுக்குச் சாதகம். சாயங்கால வெயில் போர்ட் ஹ்யூரான் பக்கம் அழகு.

டெட்ராய்ட் நகரில் கதையே தலைகீழ். இங்கிருந்து கனடாவின் வின்ட்சர் நகரம் தெற்கே இருக்கிறது! அதனால் டெட்ராய்ட் கரையில் நின்றால் நடுப்பகல் வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும். வின்ட்சர் ஆற்றங்கரைப் பூங்காக்களில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால். கப்பலும் பளிச், பின்னணியில் டெட்ராய்ட் கட்டடங்களும் பளிச்.

டெட்ராய்ட் பக்கம்தான் வேண்டும் என்றால் பெல் ஐல் தீவுக்குப் போங்கள். அங்கே டாஸின் கிரேட் லேக்ஸ் அருங்காட்சியகத்தில், பழைய கப்பல் ஒன்றின் சுக்கான் அறையையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்று ஆற்றைப் பார்க்கலாம்.

போன் கேமரா போதுமா?

தாராளமாகப் போதும். 309 மீட்டர் கப்பல் ஆற்றின் வேகத்தில் உங்களைக் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அவசரமே இல்லை.

* திரையில் விரலால் இழுத்து ஜூம் செய்யாதீர்கள். படம் பிசிறடிக்கும். ஆறு குறுகும் இடத்தில் போய் நில்லுங்கள்.
* கப்பல் நேர் எதிரே வரும்வரை காத்திருக்க வேண்டாம். சற்றுச் சாய்வாக, முகப்பும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்போது எடுங்கள். நீளம் அப்போதுதான் புரியும்.
* கரையில் ஒரு மனிதர், ஒரு வீடு, ஒரு தூண்டில்காரர், யாராவது ஃப்ரேமில் இருக்கட்டும். கப்பல் எவ்வளவு பெரிசு என்பதை அவர்தான் சொல்வார்.
* தண்ணீர் மட்டம் சாயாமல் இருக்க கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள்.
* கடந்து போனதும் போனைப் பையில் போடாதீர்கள். பின்பக்கப் பெயரையும் ஊரையும் ஒரு க்ளிக் எடுத்துவிடுங்கள்.

இதில் அலட்சியம் வேண்டாம்!

பெரிய கப்பல் கடக்கும்போது, முதலில் கரையோரத் தண்ணீர் உள்வாங்கும். அடுத்து வேகமாகத் திரும்பி ஏறும். தாழ்வான பாறையில், படியில் நிற்காதீர்கள். குழந்தைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள்.

டெட்ராய்ட் ஆற்றில் ஜே.டபிள்யூ. வெஸ்ட்காட் 2 என்ற தபால் படகு இருக்கிறது. ஓடும் கப்பலை ஒட்டிப் போய், கயிற்றில் இறங்கும் வாளியில் கடிதங்களைப் போட்டு அனுப்பிப் புகழ்பெற்ற படகு. இதற்கென்றே 48222 என்று தனி அஞ்சல் குறியீடு. 2001 அக்டோபரில், அம்பாசடர் பாலத்தின் அருகே ஒரு பெரிய கப்பலை நெருங்கியபோது அந்தப் படகே மூழ்கிவிட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். தினமும் அந்த வேலையைச் செய்த கைகளுக்கே அந்த நிலை. நாம் கரையிலேயே நிற்போம்.

இன்னொன்று, இது இரண்டு நாடுகளின் எல்லை. ட்ரோன் விடும் ஆசை இருந்தால் இரு நாட்டு விதிகளையும் முதலில் படியுங்கள். தனியார் வீட்டுத் தோட்டங்களுக்குள் நுழையாதீர்கள்.

ஒரு வரி எழுதி வைங்க!

இப்போது எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு கதைக்கு வருவோம். அது இந்த ஆற்றில் பிறந்த கப்பல். ரிவர் ரூஜ் தளத்தில் கட்டப்பட்டு, 1958 ஜூனில் தண்ணீரில் இறங்கியபோது, ஏரிகளிலேயே மிகப் பெரியது. 1974 ஜனவரியில் இதே ஆற்றில் தன் நங்கூரம் ஒன்றைத் தொலைத்தது.

அடுத்த ஆண்டு, 1975 நவம்பர் 10. இரும்புத்தாதுவோடு டெட்ராய்ட் நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போது கேப்டன் எர்னஸ்ட் மெக்ஸார்லி. சூப்பீரியர் ஏரியில் புயலில் சிக்கி மூழ்கியது. 29 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மறுநாள் டெட்ராய்ட் மாலுமிகள் தேவாலயத்தில் மணி 29 முறை ஒலித்தது.

தொலைந்த நங்கூரத்தை 1992-ல் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். பெல் ஐல் அருங்காட்சியகத்தின் வெளியே இன்றும் இருக்கிறது. கப்பலை இனி யாரும் படம் எடுக்க முடியாது. 1975 வரை எடுத்ததுதான் கணக்கு. அது கடந்து போன ஏதோ ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், 'அடுத்த தடவை எடுத்துக்கலாம்' என்று நினைத்தவருக்கு அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

அதனால் படத்தோடு நிறுத்தாதீர்கள். கப்பலின் பெயர், தேதி, நேரம், எந்தத் திசையில் போனது, சரக்கோடு போனதா காலியாகப் போனதா என்று போனிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். பழைய கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போகின்றன. உங்கள் கேலரியில் இருக்கும் ஒரு படமும் ஒரு வரியும், அதில் வேலை செய்த யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைக்குப் பொக்கிஷமாகலாம்.

எழுதி முடித்தீர்களா? இப்போது கையை உயர்த்தி ஆட்டுங்கள். கப்பலில் யாராவது பார்த்தால், சில நேரம் ஹாரன் பதில் சொல்லும். மூன்று நீளம், இரண்டு குட்டை. 'வணக்கம்' என்று அர்த்தம்!