‘இதுகாறும் போல’: கச்சத்தீவு உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்பும் அதன் தமிழாக்கமும்

இந்தியாவும் இலங்கையும் தமக்கிடையே பாக்கு நீரிணையில் கடல் எல்லை வகுத்துக்கொண்ட உடன்படிக்கை 1974ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் கொழும்பிலும் 28ஆம் நாள் புதுதில்லியிலும் கையொப்பமாயிற்று. அதன் ஐந்தாம் உறுப்பு ஒரே வாக்கியத்தால் ஆனது. மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுகாறும் போலக் கச்சத்தீவுக்குச் சென்றுவரும் வாய்ப்பினை உடையராவர் என்பது அதன் முதற்பகுதியின் கருத்து. இந்நோக்கங்களுக்காக அவர்கள் பயண ஆவணங்களோ விசாவோ பெறவேண்டுமென இலங்கை கோராது என்பது பிற்பகுதியின் கருத்து. தீவு எந்நாட்டுக்குரியது என்னும் வழக்குப் பற்றிப் பலரும் விரிவாக எழுதியுள்ளனர். அது இங்கு ஆராயப்படவில்லை. விசா இன்றிச் சென்றுவரும் உரிமை ஒன்று எச்சொற்களால் தரப்பட்டது, அச்சொற்கள் ஐம்பது ஆண்டுகளில் என்ன ஆயின என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

இத்தகைய உரிமையைப் பிறவிடத்தில் எழுதிய முறை ஒப்புநோக்கத்தக்கது. இந்திய-மியன்மா எல்லை மலைவாழ் மக்களுக்கு 1950இல் அளிக்கப்பட்ட விலக்கு, எண்களால் ஆனது. எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் வாழ்வோர் 72 மணிநேரம் வரை தங்கலாம் என்ற அளவில் அது அமைந்திருந்தது. 2004இல் அத்தொலைவு 16 கிலோமீட்டராகச் சுருங்கியது. 2024 பிப்ரவரியில் இம்முறையை முடிவுக்குக் கொண்டுவருவதாக இந்திய அரசு அறிவித்தபோது, எது நீக்கப்படுகிறது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. கச்சத்தீவு உறுப்பிலோ எண் ஒன்றுமில்லை. எத்தனை நாள், எத்தனை பேர், எந்தப் பருவம் என்ற வரையறை எதுவும் அதில் கூறப்படவில்லை. அவை எல்லாவற்றின் இடத்திலும் நிற்பது ‘ஆஸ் ஹிதர்டு’ என்னும் ஆங்கிலத் தொடரே. ஆகவே அத்தொடரின் பொருளை அகராதியில் தேடிப் பயனில்லை. 1974க்கு முந்திய வழக்கிலேயே தேடவேண்டும்.

அவ்வழக்கு ஒருபடித்தானதன்று. 1914இல் தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டிப் பயணிகளுக்கான கப்பல் தொடர்பு ஏற்பட்ட காலத்தில், இரு கரைகளும் ஒரே பேரரசின் ஆட்சியில் இருந்தன. தோட்டத் தொழிலாளர்க்கு மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை உண்டு. ஆனால் நோயைத் தடுத்தல் வேறு, அயலாரைத் தடுத்தல் வேறு. 1921இல் சென்னை, இலங்கை அரசுகளின் பேராளர் கொழும்பில் கூடிக் கடலில் கோடு வகுக்க முனைந்தபோதும், மீன்பிடிப்பே அவர்தம் கருத்தாக இருந்தது. மனிதர் போக்குவரத்து அன்று.

1948 இதனை மாற்றியது. விடுதலை பெற்ற இலங்கை அவ்வாண்டே குடியுரிமைச் சட்டத்தையும் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தையும் இயற்றியது. ‘கள்ளத்தோணி’ என்னும் சொல் அரசியல் வழக்கில் வேரூன்றியது இதற்குப் பின்னரே எனலாம். ஆவணமின்றி ஆளேற்றிவந்த தோணியைக் குறித்த சொல், அதில் வந்தவரைக் குறிக்கலாயிற்று. பின்னர்த் தோணியில் வந்தேயிராத மலையகத் தமிழரையும் இழித்துரைக்கும் சொல்லாயிற்று. சிங்கள மொழியும் அதனை அப்படியே கடன் கொண்டது. ஒரு சட்டத்தின் விளைவை அதன் பிரிவுகளைவிட அது தோற்றுவித்த வசைச்சொல் தெளிவாகக் காட்டுவதற்கு இது தக்க சான்று.

எனினும் இச்சட்டம் கச்சத்தீவில் எவ்வளவு செல்லுபடியாயிற்று என்பது வேறு வினா. ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடிநீர் இல்லை; ஆதலால் குடிகளும் இல்லை. அங்குள்ளது புனித அந்தோனியார் கோயில் ஒன்றே. தவக்காலத்தில் நிகழும் அக்கோயிலின் திருவிழாவுக்கு இரு கரைத் தமிழரும் படகேறி வருவர்; ஒரு மொழியில் வழிபட்டுத் திரும்புவர். ஆண்டின் ஏனைய நாள்களில் மீனவர் இளைப்பாறவும் வலை உலர்த்தவும் அங்கு இறங்குவர். ‘விசா’ என்பது இலத்தீனில் ‘பார்க்கப்பட்டது’ எனப் பொருள்படும். பார்ப்பதற்கு அலுவலர் இல்லாத தீவில் பார்க்கப்பட்ட தாளுக்கு வேலையில்லை. ஐந்தாம் உறுப்பின் ‘இதுகாறும்’ என்பது இந்த நடைமுறையையே சுட்டுகிறது.

இனி மொழிபெயர்ப்பு. ‘ஹிதர்டு’ என்பதற்கு ‘இதுவரை’ என்பது நேர்ச்சொல். ஆனால் தமிழில் ‘இதுவரை வந்தான்’ என்றால், இனி வரமாட்டான் என்னும் குறிப்பும் உடன் தோன்றுவதுண்டு. ஆங்கிலத்தில் ‘ஆஸ்’ என்பது சேர்ந்து அக்குறிப்பை விலக்குகிறது. ‘இதுகாறும் போல’ என்பதில் ‘போல’ என்னும் உவமச்சொல் அப்பணியைச் செய்கிறது. ‘வழக்கம்போல’ என்பது இயல்பான தமிழ்தான். எனினும் அது தொடர்ந்து வளரும் வழக்கையும் உள்ளடக்கிவிடும். 1974ஆம் ஆண்டென்னும் எல்லைக்கோடு அதில் மறைந்துபோகும்.

இதனினும் பெரிய சிக்கல், ஐந்தாம் உறுப்பையும் ஆறாம் உறுப்பையும் ஒன்றாக்குவது. ஆறாம் உறுப்பு மனிதரைப் பற்றியதன்று, கலங்களைப் பற்றியது. ஒரு நாட்டின் கலங்கள் மற்ற நாட்டின் கடற்பகுதியில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்பது அது. ஐந்தில் ‘இதுகாறும்’, ஆறில் ‘மரபாக’; ஐந்தில் தீவு, ஆறில் நீர். தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் இவ்விரண்டும் ‘பாரம்பரிய உரிமை’ என்னும் ஒரே தொடரில் அடங்கிவிட்டன. இதற்குப் பொதுமக்களை மட்டும் குறைகூறுவதற்கில்லை. 1974 சூலையில் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் நாடாளுமன்றத்தில் உடன்படிக்கையை விளக்கியபோது, மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பலோட்டம் ஆகிய மூன்றுக்குமுரிய பழைய உரிமைகள் காக்கப்பட்டுள்ளன என்றே கூறினார். ஐந்தாம் உறுப்பில் ‘மீனவர்’ என்னும் சொல் உண்டு. ‘மீன்பிடிப்பு’ என்னும் சொல் இல்லை. ‘வலை உலர்த்தல்’ என்பதும் இல்லை. ‘இந்நோக்கங்களுக்காக’ என்று பன்மையில் சுட்டும் வாக்கியம், நோக்கம் எதனையும் முன்னர்ப் பெயரிட்டுக் கூறவில்லை. சுட்டப்படும் பொருளின்றிச் சுட்டு நிற்கிறது.

வெற்றிடமாக நின்ற அவ்விடத்தை அரசுகள் நிரப்பின. எல்லையின் எஞ்சிய பகுதிக்கான உடன்படிக்கை 1976 மார்ச் 23ஆம் நாள் முடிந்தபோது, இரு நாட்டுச் செயலர்களும் மடல்கள் மாற்றிக்கொண்டனர். வெளிப்படையான இசைவின்றி ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்று அம்மடல்கள் கூறின. ஐந்தாம் உறுப்பு உரிமை தீவில் இளைப்பாறவும் வலை உலர்த்தவும் திருவிழா காணவும் மட்டுமே. சுற்றுக்கடலில் மீன்பிடிக்க அன்று என்பது இந்திய நடுவணரசு பின்னர் அளித்த விளக்கம். சொல்லளவில் இவ்விளக்கத்திற்கு இடமுண்டு. ஆனால் பருத்தி, சணல் நூல் வலைகளே உலர்த்தாவிடில் இற்றுப்போவன. நைலான் வலைக்கு அத்தேவை இல்லை. நைலான் வலையும் விசைப்படகும் பரவத் தொடங்கிவிட்ட பின்னரே உடன்படிக்கை எழுதப்பட்டது. எனவே மீனவருக்கு எஞ்சியதாகக் கூறப்படும் உரிமை, அவர்தம் தொழில் கைவிட்டுக்கொண்டிருந்த ஒரு செயலுக்கான உரிமையாகும்.

மற்றொரு நுட்பம், ‘இலங்கையால்’ என்னும் சொல். பயண ஆவணம் கோராதிருக்க உடன்படுவது இலங்கை மட்டுமே. செயப்பாட்டு வாக்கியத்தில் வினைமுதல் எளிதில் நழுவும். ‘கடவுச்சீட்டும் விசாவும் தேவையில்லை’ என்று தமிழில் சுருக்கியவுடன் அது போய்விடுகிறது. இந்தியாவை விட்டு வெளியேறுவோர் செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ வைத்திருக்கவேண்டும் என்பது 1967ஆம் ஆண்டு இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. விலக்களிக்கும் அதிகாரம் நடுவணரசுக்கு அச்சட்டத்திலேயே உண்டு. ஆயினும் இலங்கையின் வாக்குறுதி இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. தமிழில் இதற்கு எளிய வழி, செய்வினையாக்கி ‘இலங்கை கோராது’ என்று எழுதுவதே. இலங்கைத் தமிழில் ‘கடவுச்சீட்டு’ அன்றாடச் சொல்; தமிழ்நாட்டுப் பேச்சில் ‘பாஸ்போர்ட்’டே நிற்கிறது. அங்கு ‘வீசா’, இங்கு ‘விசா’. ‘நுழைவிசைவு’ என்னும் ஆக்கம் பொருத்தமானதே எனினும், சட்ட உரையில் முன்னர்க் கூறிய ‘இசைவு’டன் குழம்பும், ஆதலால் கடன்சொல்லை ஆள்வது நன்று.

1983க்குப் பின் உள்நாட்டுப் போர் இவ்வுறுப்பை நெடுங்காலம் ஏட்டளவில் நிறுத்திவைத்தது. 2009இல் போர் முடிந்தபின் யாத்திரை மீண்டும் ஒழுங்குபெற்றது. இராமேசுவரத்திலிருந்து செல்வோர் விசா பெறுவதில்லை. மாறாக, முன்கூட்டியே விண்ணப்பித்து, அடையாளச் சான்று காட்டி, பட்டியலில் பெயர் பெற்று, குறித்த படகில் ஏறுகின்றனர். விசா என்னும் பெயரின்றி விசாவின் வேலை நடைபெறுகிறது. அவ்வேலையைச் செய்வது தாம் விட்டுப் புறப்படும் கரையே. யாத்திரிகரை ஏற்றிச் செல்வன மீனவரின் படகுகள். 2024 பிப்ரவரியில், கடலில் பிடிபட்ட மீனவர்க்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து, இராமேசுவரம் மீனவர் அப்படகுகளைச் செலுத்த மறுத்தனர். உறுப்பில் ஒரே எழுவாயின் கீழ் ‘மீனவரும் யாத்திரிகரும்’ என இணைந்து நின்ற இரு சாராருள் ஒரு சாரார் கரையில் நின்றுவிட, அவ்வாண்டு மற்றச் சாராரும் செல்லவில்லை.