மாட்டுக்கும் ஒரு பேரேடு

வணிகவியல் படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு ஞாபகம்தான். இறைச்சி மாடுகளுக்கும் அப்படி ஒன்று உண்டு!

1810-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் சார்லஸ் காலிங் என்பவர் தன் ஷார்ட்ஹார்ன் மாடுகளை ஏலம் விட்டார். 'காமெட்' என்ற காளை மட்டும் 1000 கினிக்குப் போனது. அப்புறம் யார் வேண்டுமானாலும் "இது காமெட் வம்சம்" என்று சொல்லி விற்கலாமே? சரிபார்க்க அச்சில் எதுவும் இல்லை. ஜார்ஜ் கோட்ஸ் குதிரையேறிப் பண்ணை பண்ணையாக விசாரித்து, 1822-ல் ஷார்ட்ஹார்ன் வம்சாவளிப் பதிவேட்டை வெளியிட்டார்.

ஆனால் பதிவேட்டில் இருந்தது பிறப்பு விவரம். மாடு எப்படி வளரும் என்பது அல்ல. வாங்கியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அதே 1810 ஏலத்தில் தாமஸ் பேட்ஸ் 183 கினிக்கு வாங்கியது 'டச்சஸ்' என்ற பசு. அதன் வம்சத்துப் பசு ஒன்று 1873-ல் அமெரிக்காவின் நியூயார்க் மில்ஸில் 40,600 டாலருக்கு விற்றது. அந்தப் பணத்துக்கு எவ்வளவு கறி கிடைக்கும்? (பங்குச்சந்தைக் குமிழி இதைவிடப் பெரிதா என்ன!) கொடுத்த விலை மாட்டுக்கு அல்ல, காகிதத்துக்கு.

அதற்காகக் காகிதத்தைக் குறை சொல்ல முடியாது. காமெட்டின் தகப்பன் 'ஃபேவரிட்'. தாயோ, அதே ஃபேவரிட் தன் சொந்தத் தாயோடு சேர்ந்து பிறந்த மகள்! இதெல்லாம் பதிவாகியிருந்ததால்தான், 1922-ல் சூவல் ரைட் என்ற மரபியலாளர் தன் உட்கலப்புச் சூத்திரத்தை ஷார்ட்ஹார்ன் வம்சாவளிகளில் போட்டுக் காட்ட முடிந்தது.

இன்று வம்சாவளியோடு கன்றின் பிறப்பு எடை, பால்குடி மறக்கும்போதுள்ள எடை எல்லாம் பதிவாகின்றன. காளையின் தரத்தை இரண்டையும் சேர்த்துத்தான் கணிக்கிறார்கள்.