வாப்பாவின் வலை சிக்கிய கப்பல்



போன கிழமை வகுப்பில் இரண்டாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், எங்கட வாப்பாட வலை ஒரு கப்பல்ல சிக்கினதாம். அது என்ன கப்பல் எண்டு ஆருக்கும் தெரியாதாம்" என்றான்.

நம் கடலுக்கு அடியில் கிடப்பது ஒரு கப்பல் மட்டுமல்ல. ஆனால் அவற்றில் பெரியதற்குப் பெயர் உண்டு: ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. நீளம் சுமார் 182 மீற்றர்.

1942 ஏப்ரல் 5 இல் ஜப்பான் கொழும்பைத் தாக்கியது. அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும், 8 ஆம் திகதி இரவு ஹேர்மிஸ் துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்தது. மறுநாள் காலை அங்கே தாக்குதல் முடிந்ததும் திரும்பி வடக்கே போகையில், மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்துகொண்டன. விமானந்தாங்கிதான், ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தது. சுமார் இருபது நிமிடத்தில் மூழ்கியது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தப்பிய அறுநூறு பேரளவில் வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் மீட்டது. சிலர் கரைக்கு நீந்தியே வந்தார்கள்.

இன்று கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தூரத்தில், 50 மீற்றருக்கும் கீழே, இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பொழுதுபோக்குக்குச் சுழியோடுவோருக்கு எல்லை 40 மீற்றர். அதற்குக் கீழே நைதரசன் மூளையை மயக்கும். அவசரப்பட்டு மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டி ஆளையே முடக்கிவிடும். அதனால் தனிப் பயிற்சி எடுத்தவர்கள்தான் இறங்குகிறார்கள். அடியில் நிற்பது சில நிமிடம். மேலே வர அதைவிடக் கூட நேரம், இடையிடையே நின்று நின்று.

என் கவலை வேறு. பேர் ஹார்பர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நடந்தது தெரியாது. பெயர் தெரியாதவரை அது வலையைக் கிழிக்கும் இரும்பு, அல்லது கழற்றி விற்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றும் இரும்பு. பெயர் தெரிந்தால் அது மையவாடி. கப்று யாருடையதாக இருந்தாலும் நாம் மிதிப்பதில்லை.

சுழியோடப் போகும் தம்பிமாரே, பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றையும் எடுத்து வராதீர்கள். அந்தக் காலையைப் பற்றி உங்கள் மூத்தவாப்பா, மூத்தம்மா சொன்ன கதை ஏதும் இருந்தால், மறக்குமுன் எழுதி வையுங்கள்.

அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்: "வாப்பாட்ட அந்தப் பெயரைச் சொல்லுங்க மகன்."