செலவழித்தே ஆகவேண்டிய பயணம்

ஐரோப்பியப் பயணத்துக்கு பட்ஜெட் போடும்போது ‘ஒரு நாளைக்கு இதுக்கு மேல போகக்கூடாது’ன்னு ஓர் எண்ணை எழுதிக்கொள்வோம். அந்நாளைய கிழக்கு ஜெர்மனிக்கு மட்டும் கணக்கு தலைகீழ். மேற்கிலிருந்து சொந்தமாகப் போகிறவர்கள் தினமும் குறைந்தது இவ்வளவு பணத்தை மாற்றியே தீரவேண்டும் என்று 1964 டிசம்பரில் விதி வந்தது. முதலில் 5 மார்க். 1980 அக்டோபரில் எங்கே போனாலும் 25. அதுவும் ஒன்றுக்கு ஒன்று. கள்ளச்சந்தையிலோ ஒரு மேற்கு மார்க்குக்கு நாலஞ்சு கிழக்கு மார்க் கிடைத்தது.

கணவன், மனைவி, பத்து நாள் என்று போட்டுப் பார்த்தேன்: 500 மார்க். மிச்சத்தை வெளியே கொண்டுவரவும் அனுமதியில்லை. கிழக்கு பெர்லினில் டிராம் டிக்கெட்டே 20 பெனிக். எப்படித்தான் செலவழிக்கிறது? பலர் உறவினர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஊர் சுற்றப் போனவர்களை விடுங்க. அடி விழுந்தது வயசானவங்களுக்கு. ஓய்வூதியர்களுக்கு இருந்த விலக்கையும் 1980-ல் எடுத்துட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகும் பாட்டிக்கு, ஒவ்வொரு தடவையும் 25 மார்க். வருகைகள் சட்டென்று குறைந்தன. 1984-ல் அவர்களுக்கு மட்டும் 15 ஆக்கினார்கள். விதி மொத்தமாகப் போனது 1989 டிசம்பர் 24 அன்று, சுவர் திறந்து ஆறு வாரம் கழித்து.