'ஹெல்' என்னும் சொல்லும் ஊவாத் தோட்டங்களும்

'ஹெல்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நினைவில் எழுவது நெருப்பே. ஆயின் அதன் வேரில் நெருப்பில்லை. 'மூடு', 'மறை' என்று பொருள்படும் தொல் ஜெர்மானிய அடியிற் பிறந்த அச்சொல் மறைவிடத்தையே முதலிற் குறித்தது. எரிதழல் விவிலியத்தின் வழியே வந்து சேர்ந்தது. எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரே 'கெஹென்னா' ஆயிற்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் கெஹென்னாவையும், இறந்தோர் உலகாகிய ஹேடிசையும் பெரும்பாலும் 'ஹெல்' என்றே பெயர்த்தது. தமிழில் பெயர்த்தோரோ முன்னதை நரகமென்றும் பின்னதைப் பாதாளமென்றும் பிரித்தனர். இவ்வகையில் அவர்களே நுட்பமுடையோர் எனலாம். வள்ளுவர் ஆண்ட 'அளறு' என்பதற்கோ சேறு என்பதே நேர்ப்பொருள். அது எரிப்பதன்று, அமிழ்த்துவது.

தோட்ட வாழ்வை நரகமென வருணிப்பது மலையகத்தைப் பற்றி எழுதுவோரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வுவமைக்கு 'ஹெல்' என்பதன் பழம்பொருளே பெரிதும் பொருந்தும். 1924இல் புகைவண்டி பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின. கொழுந்து பறித்தோர், துரையின் அனுமதியின்றி வெளியார் எளிதில் நுழையவியலாத லயங்களிலேயே இருந்தனர். 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோதுதான் அவர்தம் குரல் வெளியே கேட்டது. அம்மறைவை மீண்டும் உண்டாக்கியது சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை அடுத்து, 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்த தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் பெயர் 1952இல் வாக்காளர் இடாப்பில் இல்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.