மறுபடி திறந்த குளங்கள்

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பொது நீச்சல் குளத்தில் ஊர் மக்கள் மறுபடி இறங்கும்போது எழும் மகிழ்ச்சியைப் பழைய நினைவின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. இருபதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, மூடப்பட்டு, மீண்டும் திறந்த மூன்று குளங்களின் வரலாறு அந்த எண்ணத்தை மறுக்கிறது. குளத்தில் தண்ணீர் நிரம்பினால் மட்டும் அந்த மகிழ்ச்சி முழுமையாவதில்லை. யாரும் வரலாம் என்ற உரிமையும் உடன் திரும்பியாக வேண்டும்.

லண்டனின் ஹாக்னி பகுதியில் லண்டன் ஃபீல்ட்ஸ் குளம் 1932இல் திறக்கப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழும் உழைப்பாளிகளுக்கு வெயிலும் திறந்த வெளியும் நீச்சலும் தேவை என்று அன்றைய நகர நிர்வாகம் நம்பியது. 1988இல் குளம் மூடப்பட்டது. இடிக்க வந்த இயந்திரங்களை அப்பகுதி மக்கள் மறித்து நின்றார்கள். பல ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2006 அக்டோபரில், நீரைச் சூடாக்கும் வசதியோடு 50 மீட்டர் குளம் மீண்டும் திறந்தது. அது மூடிய ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 18. அந்தத் தலைமுறைக்கு ஏங்குவதற்குப் பழைய நினைவே கிடையாது. ஆனாலும் குளம் அவர்களுக்கும் கிடைத்தது. நினைவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அந்தக் குளம் முதியவர்களின் நினைவிடமாக முடிந்திருக்கும்.

அந்தப் பழைய குளங்கள் எல்லோருக்கும் உரியவையாக இருந்தனவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பல ஊர்களின் பொதுக் குளங்கள் கறுப்பின மக்களுக்கு மூடியே இருந்தன. 1949இல் செயின்ட் லூயிஸ் நகரம் ஒரு குளத்தில் அவர்களையும் அனுமதித்த நாளிலேயே கலவரம் வெடித்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள மெக்காரன் பூங்காக் குளத்தின் கதையிலும் இந்தக் கசப்பு உண்டு. பெருமந்தக் காலத்தில், 1936 கோடையில், மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்ட நிதியில் அந்நகரம் திறந்த 11 பெரிய குளங்களில் அதுவும் ஒன்று. ஒரே நேரத்தில் 6,800 பேரை ஏற்கும் அளவுக்கு அதைக் கட்டினார்கள். 1984இல் மூடியபின் அதைச் சீரமைக்க விடாமல் அக்கம்பக்கத்தாரில் ஒரு சாரார் தடுத்தனர். வேற்று இனத்தார் வந்து கூடுவார்கள் என்ற அச்சமே அதற்கு முக்கியக் காரணம். 28 ஆண்டுகள் கழித்து, 2012இல், கட்டணமின்றி எல்லோருக்கும் அது திறந்தது. பழைய நாட்களை அப்படியே மீட்பது இங்கே நோக்கமாக இருந்திருக்க முடியாது. முன்பு நிறைவேறாத ஒரு வாக்குறுதியை நிறைவேற்றியதே இந்தத் திறப்பின் பெருமை.

இன்னொரு மறுப்பு, செலவு பற்றியது. மெக்காரன் குளத்தைப் புதுப்பிக்க ஏறத்தாழ 5 கோடி டாலர் ஆனது. அது கோடையில் மட்டுமே இயங்குகிறது. தனியாரிடம் கொடுத்தால் கட்டடமாவது பிழைக்குமே என்பார்கள். பாரிஸின் மோலிட்டோர் குளம் இதற்கு விடை. இந்தக் குளம் 1929இல் திறந்தது. 1989இல் மூடிய அது 2014இல் ஆடம்பர விடுதியின் பகுதியாகத் திரும்பியது. அழகு மீண்டது, தண்ணீரும் மீண்டது. ஆனால் ஒரு நாள் நுழைவே 100 யூரோவைத் தாண்டியது. கட்டடத்தைக் காப்பாற்றியது உண்மையான சாதனைதான்; அதை மறுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் முன்பு அங்கே நீந்திய சாதாரண பாரிஸ்வாசிக்கு அந்தக் குளம் இன்னும் மூடியே இருக்கிறது.

பூங்காவும் நூலகமும் லாபம் ஈட்டித் தர வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. ஏழையும் வசதியுள்ளவரும் ஒரே நீரில் இறங்கும் குளத்தையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். மூடிய குளத்தைத் திறக்க முனையும் எந்த நகரமும், ஓடுகளின் நிறத்தையும் நீரின் வெப்பத்தையும் முடிவு செய்யும் முன் நுழைவுக் கட்டணத்தை முடிவு செய்யட்டும். ஊர் தன் குளத்துக்குத் திரும்புமா என்பதை அந்தத் தொகையே தீர்மானிக்கிறது.